பரண் லைட்டுக்கு சுவிச்: திருகோணமலை வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீலிங்குக்கு மேலே, கூரைக்குக் கீழே இருக்கிற இடத்தைத்தான் இங்கே பரண் என்கிறேன். கல்யாணத்துக்கு மட்டும் இறங்கும் கிடாரம், வெளிநாட்டிலிருந்து வந்த வெறும் சூட்கேஸ்கள், பழைய வலை, பிள்ளைகளின் ஓ.எல். புத்தகங்கள் எல்லாம் போய்ச் சேரும் இடம் அது. வயரிங் வேலைக்குப் போகும் வீடுகளில் "அப்படியே மேலே ஒரு லைட்டும் போட்டுவிடுங்கோ தம்பி" என்று கடைசி நேரத்தில் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் கேள்விகள் வரும். அப்படிக் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் எழுதி வைத்திருக்கிறேன்.

சுவிச்சை பரணுக்குள் வைப்பதா, கீழே வைப்பதா?

கீழே. ஏறும் வாசலுக்குப் பக்கத்துச் சுவரில், மற்ற சுவிச்சுகள் இருக்கும் அதே உயரத்தில் வையுங்கள். ஏணியில் ஏற முன்னமே மேலே வெளிச்சம் இருக்க வேண்டும். சுவிச் உள்ளே இருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கையால் ஏணி, வாயில் டோர்ச், மற்றக் கையால் இருட்டில் கைமரத்தைத் தடவுகிறீர்கள். அந்தக் கைமரத்தில் அணில் கடித்த வயர் இருக்கிறதா, குளவிக் கூடு இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது.

ஏறும் வாசல் குளியலறைக்குள் வைத்துக் கட்டிய வீடுகளும் இருக்கின்றன. அங்கே சுவிச் குளியலறைக் கதவுக்கு வெளியே வரவேண்டும். ஈரக் கையோடு எட்டும் இடத்தில் சாதாரண சுவர் சுவிச் வைக்கவே கூடாது.

கடையில் பத்து விதம் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

மத்திய வீதியிலோ என்.சி. வீதியிலோ எந்த ஹாட்வெயர் கடைக்குப் போனாலும், முதலில் சாதாரண வன்-வே சுவிச்சைத்தான் எடுத்துத் தருவார்கள். அதில் வேலை நடக்கும். ஆனால் பரண் லைட்டுக்கு மற்ற லைட்டுகளுக்கு இல்லாத ஒரு குணம் உண்டு. எரிகிறதா இல்லையா என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. மூடிப் பலகையைப் போட்டுவிட்டால் அவ்வளவுதான்.

என் சொந்த வீட்டிலேயே இது நடந்தது. தைப்பொங்கலுக்குப் பானை எடுக்க ஏறிய நான், லைட்டை அணைக்காமல் இறங்கிவிட்டேன். அப்போது அங்கே இருந்தது 60 வொட் பழைய குண்டு பல்ப். அடுத்து மூடியைத் திறந்தது சித்திரை வருஷத்துக்கு. பல்ப் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே வைத்திருந்த சாக்கு, பல்ப் பக்கமாக மட்டும் கோப்பிக் கொட்டை நிறத்தில் கருகி, தொட்டதும் பொடியாகக் கொட்டியது. 60 வொட் இரவு பகலாக 30 நாள் எரிந்தால் 43 யூனிட். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறுகிற நாட்டில் இது சின்ன விஷயமில்லை. சாக்கு பற்றாமல் விட்டதுதான் பெரிய விஷயம்.

அதனால் என் பதில் எப்போதும் ஒன்றுதான். லைட் எரியும்போது தானும் சிவப்பாக எரிகிற சின்ன விளக்கு உள்ள சுவிச்சை வாங்குங்கள். கடையில் "இண்டிகேட்டர் சுவிச்" என்று கேளுங்கள். ஹீட்டருக்கும் ஏசிக்கும் போடுகிற 20 அம்பியர் இரட்டை முனை சுவிச்சுகளில் இந்தச் சிவப்பு விளக்கு பெரும்பாலும் கூடவே வரும். அதைப் போட்டாலும் தவறில்லை. தடித்த வயருக்கென்று செய்தது என்பதால் திருகுகளும் பெரியவை. இன்னொரு நன்மையும் உண்டு, அது லைவையும் (கரண்ட் வரும் வயர்) நியூட்றலையும் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) சேர்த்தே துண்டிக்கும்.

இண்டிகேட்டர் சுவிச் என்று கேட்டுத்தான் வாங்கினேன். ஆனால் லைட்டை அணைத்தால்தான் சுவிச்சில் விளக்கு எரிகிறது. பழுதா?

பழுதில்லை, இனம் வேறு. இதில்தான் கூடுதலான பேர் ஏமாறுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதல் இனத்தில், உள்ளே இருக்கும் சின்ன நியோன் விளக்கு சுவிச்சின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே கட்டப்பட்டிருக்கும். சுவிச் அணைந்திருக்கும்போது லைவிலிருந்து நியோன் வழியாக, பல்ப் வழியாக, நியூட்றலுக்கு ஒரு நூல் அளவு கரண்ட் ஓடும். அதில் நியோன் மினுங்கும். சுவிச்சைப் போட்டதும் இரண்டு முனையும் ஒன்றாகிவிடும், நியோன் அணைந்துவிடும். இருட்டில் சுவிச் எங்கே என்று கண்டுபிடிக்கச் செய்தது இது. படுக்கையறைக்கு நல்லது. பரணுக்கு நேர் எதிரான வேலை செய்யும்.

இரண்டாம் இனத்தில் நியோனுக்கு ஒரு முனை லைட்டுக்குப் போகும் பக்கத்தில், மறுமுனை நியூட்றலில். லைட்டுக்குக் கரண்ட் போனால்தான் அது எரியும். நமக்கு வேண்டியது இதுதான். ஆனால் இதற்கு சுவிச் பெட்டிக்குள் நியூட்றல் வயர் வேண்டும். நம் ஊர்ப் பழைய வீடுகளில் சுவிச்சுக்கு இறங்குவது இரண்டே வயர், லைவ் ஒன்று, லைட்டுக்குத் திரும்பிப் போவது ஒன்று. நியூட்றல் மேலே, வயர்கள் ஒன்றுசேரும் ஜங்ஷன் பெட்டியோடு நின்றுவிடும். ஆகவே வாங்க முன் சுவிச்சைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். நியூட்றலுக்குத் தனித் திருகு இருந்தால் இரண்டாம் இனம். இரண்டே திருகும் உள்ளே விளக்கும் என்றால் முதல் இனம்.

லைட்டை அணைத்த பிறகும் எல்.ஈ.டி. பல்ப் விட்டு விட்டு மின்னுகிறது. வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள்.

உப்புவெளியில் ஒரு அக்கா வீட்டில் இதற்காக வேப்பிலை கட்டுகிற அளவுக்குப் போய்விட்டார்கள். மேலே சொன்ன முதல் இன சுவிச்தான் காரணம். நியோன் வழியாக வரும் அந்த நூல் கரண்ட், எல்.ஈ.டி. பல்புக்குள் கரண்டைச் சேர்த்து வைக்கும் கப்பாசிற்றரைச் சொட்டுச் சொட்டாக நிரப்புகிறது. நிரம்பியதும் பல்ப் ஒரு தடவை மினுங்கி அடங்கும், பிறகு மறுபடி நிரம்பும். குண்டு பல்ப் காலத்தில் இந்தத் தொல்லை இருக்கவில்லை, அதன் இழையைச் சூடாக்க அந்தக் கரண்ட் போதாது. நியோன் இல்லாத சுவிச் மாற்றினால் சரி. நானும் அதைத்தான் செய்தேன். வேப்பிலையைக் கழற்ற வேண்டாம் என்று அம்மம்மா சொன்னார், விட்டுவிட்டேன்.

நியோன் இல்லாத சுவிச்சிலும் மின்னினால் விஷயம் வேறு. லைவுக்குப் பதிலாக நியூட்றலை சுவிச்சால் வெட்டியிருக்கலாம். அதை உடனே பார்க்க வேண்டும்.

ஏன், எதை வெட்டினாலும் லைட் அணையத்தானே செய்யும்?

லைட் அணையும். ஹோல்டர் செத்துவிடாது. சுவிச்சால் நியூட்றலை வெட்டினால், லைட் அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் 230 வோல்ட் காத்திருக்கும். பல்ப் மாற்ற ஏறி, ஒரு கை ஹோல்டரிலும் மறு கை தகரத்திலோ தண்ணீர்க் குழாயிலோ பட்டால் என்ன ஆகும்? இதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை, பழைய வீடுகளில் அடிக்கடி பார்க்கிறேன். சுவிச் வெட்ட வேண்டியது லைவை மட்டும், அல்லது இரட்டை முனை சுவிச் என்றால் இரண்டையும் சேர்த்து. நியூட்றலைத் தனியாக ஒருபோதும் வெட்டக் கூடாது.

வயரை எப்படி இணைப்பது? வரிசையாகச் சொல்லுங்கள்.

முதலில் நிறம். பழைய வீடுகளில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்றல், பச்சை எர்த். இப்போது வரும் சுருள்களில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்றல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். ஒரே வீட்டில் இரண்டு தலைமுறை நிறமும் கலந்து கிடக்கும், ஆகவே நிறத்தை நம்பி மட்டும் கை வைக்காதீர்கள்.

மெயின் பெட்டியில் அந்த லைட் வரியின் பிறேக்கரை அணையுங்கள். "வேலை நடக்கிறது, போட வேண்டாம்" என்று ஒரு துண்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ஃபேன் நின்றதென்று யாராவது வந்து தட்டிவிடுவார்கள். டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள ஒரு சொக்கட்டில் வைத்துப் பார்த்து, அது வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு, பிறகு உங்கள் வயரில் வையுங்கள். பார்த்து முடித்ததும் திரும்பவும் அதே சொக்கட்டில் ஒருமுறை பாருங்கள். செத்த டெஸ்டர் எல்லா வயரையும் செத்த வயர் என்றுதான் சொல்லும்.

நான் விரும்பும் முறையில் லைவும் நியூட்றலும் எர்த்தும் முதலில் சுவிச் பெட்டிக்கு வரும். இண்டிகேட்டர் சுவிச்சில் வரும் பக்கம், போகும் பக்கம் என்று திருகுகள் பிரிந்திருக்கும். வரும் பக்கத்தில் லைவ், நியூட்றல். போகும் பக்கத்திலிருந்து லைவும் நியூட்றலும் மேலே பரண் ஹோல்டருக்கு ஏறும். எர்த் வயர்கள் எல்லாம் பெட்டியிலுள்ள எர்த் திருகில் ஒன்றாகும். உலோகப் பெட்டி என்றால் இது கட்டாயம். சுவருக்குள் புதைக்கும் சன்க் பெட்டியின் ஆழம் போதாவிட்டால் இத்தனை வயரையும் அமுக்கி மூடும்போது ஏதாவது ஒன்று நசியும், ஆகவே ஆழமான பெட்டி வாங்குங்கள்.

சுவிச்சுக்கு இரண்டே வயர் இறங்கும் பழைய முறை என்றால், திரும்பிப் போகும் வயர் பல வீடுகளில் கறுப்பாக இருக்கும். அது நியூட்றல் இல்லை, சுவிச் போட்டால் லைவ். அதன் இரண்டு முனையிலும் சிவப்பு டேப் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். உங்களுக்குப் பிறகு வரும் ஆளுக்கு அது உயிர் காக்கும்.

ஹோல்டர் பின் வகை (பல்பை அமுக்கித் திருப்பி மாட்டுவது) என்றால் இரண்டு முனையில் எது எங்கே போனாலும் பெரிய வித்தியாசமில்லை. ஸ்குறூ வகை என்றால் லைவ் நடு முனைக்கும், நியூட்றல் சுற்றியுள்ள புரிக்கும் போக வேண்டும். மாறினால் பல்பைத் திருகும்போது விரல் படுகிற இடம் லைவாகிவிடும்.

வயர் தோலை அளவோடு உரியுங்கள். திருகுக்கு வெளியே செம்பு தெரியவும் கூடாது, திருகு தோலைக் கடிக்கவும் கூடாது. முறுக்கி முடித்ததும் ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பாருங்கள். வெறும் முறுக்கு முடிச்சுப் போட்டு டேப் சுற்றிப் பரணில் விடாதீர்கள், அந்த வெப்பத்தில் டேப்பின் பசை உருகி ஒரு வருஷத்தில் அவிழ்ந்து தொங்கும். இணைப்பு எதுவானாலும் மூடியுள்ள ஜங்ஷன் பெட்டிக்குள், திருகு உள்ள கொனெக்டரில்.

எத்தனை அம்பியர் சுவிச், எத்தனை சைஸ் வயர்?

9 வொட் எல்.ஈ.டி. எடுக்கும் கரண்ட் 0.04 அம்பியர். 5 அம்பியர் சுவிச்சே ஏராளம். வயர் ஒன்று அல்லது ஒன்றரைச் சதுர மில்லிமீற்றர், கடையில் 1/1.13 என்று கேட்டால் ஒரு சதுர மில்லிமீற்றர் வயரைத் தருவார்கள். லைட் வரிக்கு 6 அம்பியர் பிறேக்கர். இதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கரண்டைப் பக்கத்துச் சொக்கட்டிலிருந்து எடுத்துவிடலாமா?

முடிந்தால் வேண்டாம், லைட் வரியிலிருந்தே எடுங்கள். சொக்கட் வரிக்குப் பின்னால் பெரிய பிறேக்கர் இருக்கிறது, வளையமாகப் போட்ட வரிக்கு 32 அம்பியர். உங்கள் மெல்லிய லைட் வயர் அதைத் தாங்காது. பிறேக்கர் விழும் முன் வயர் உருகிவிடும். வேறு வழியே இல்லையென்றால் நடுவில் 3 அம்பியர் ஃபியூஸ் உள்ள இணைப்புப் பெட்டி ஒன்று போட்டு, அதற்குப் பிறகு மெல்லிய வயரைக் கொண்டுபோக வேண்டும். சுவிச்சும் இண்டிகேட்டரும் ஃபியூஸும் ஒன்றாக உள்ள பெட்டியே கிடைக்கிறது. அது கிடைத்தால் இரண்டு வேலை ஒன்றில் முடியும்.

லைவை ஒரு வரியிலும் நியூட்றலை இன்னொரு வரியிலும் எடுக்காதீர்கள். "கிட்ட இருந்தது, எடுத்தேன்" என்பார்கள். ஒரு பிறேக்கரை அணைத்துவிட்டு வேலை செய்பவரை, மற்ற வரியின் கரண்ட் நியூட்றல் வழியாக வந்து தட்டும். ட்ரிப் சுவிச் (கரண்ட் கசிந்தால் தானே விழுவது) இரண்டு உள்ள வீட்டில் லைட்டைப் போட்டதுமே ட்ரிப் விழும்.

கயிறு இழுக்கும் சுவிச்? ஆள் வந்தால் தானே எரியும் சென்சர்?

கயிறு சுவிச் குளியலறைக்குள் ஏறும் வாசல் உள்ளவர்களுக்கு நல்லது. சுவிச் மேலே, கையில் கயிறு மட்டும். சென்சர் பரணுக்கு எனக்குப் பிடிக்காது. மேலே வௌவாலும் மரநாயும் நடக்கும் இரவெல்லாம் லைட் எரியும், நீங்கள் ஒரு பெட்டிக்குள் குனிந்து தேடிக்கொண்டிருக்கும்போது அணைந்துவிடும். மூடியைத் திறந்தால் எரியும் கதவு சுவிச் அழகான யோசனை. ஆனால் நம் மூடிப் பலகைகள் மாரியில் ஊதி, கோடையில் சுருங்கும். சுவிச்சின் மூக்கு சரியாக அமுங்காது.

இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைக்க வேண்டும். முடியுமா?

முடியும். கீழே ஒன்று, மேலே ஒன்று, இரண்டும் டூ-வே சுவிச். இரண்டுக்கும் இடையில் இரண்டு வயர் ஓடும். முதல் சுவிச்சின் பொது முனைக்கு லைவ், இரண்டாவதின் பொது முனையிலிருந்து பல்ப். பொது முனையையும் மற்ற முனையையும் மாற்றிவிட்டால், ஒரு சுவிச் குறிப்பிட்ட பக்கம் இருந்தால்தான் மற்றது வேலை செய்யும். அந்தக் கோளாறு வந்தால் தேட வேண்டிய இடம் அதுதான். ஒரு மனிதர் ஏறி இறங்கும் பரணுக்கு இது தேவையா என்று என்னைக் கேட்டால், தேவையில்லை.

கடற்காற்றுக்கு ஏதும் செய்ய வேண்டுமா?

திருக்கடலூர், நிலாவெளி, சல்லிப் பக்கங்களில் சுவிச்சைக் கழற்றினால் செம்பு பச்சை பூத்திருக்கும். வாடைக்காற்று மாதங்களில் ஈர உப்பு, கச்சான் காற்றில் சூட்டோடு புழுதி. இரண்டும் ஓட்டிடுக்கால் நேராகப் பரணுக்குள்தான் போகும். மேலே போடும் ஹோல்டரையாவது, பல்பை அடைக்காமல் வயர் முனைகளை மட்டும் மறைக்கும் மூடி உள்ளதாகப் போடுங்கள். இரும்புத் திருகு தவிர்த்து பித்தளைத் திருகு வாங்குங்கள். பச்சை பூத்த செம்பைச் சுரண்டித் திரும்ப முறுக்காமல், நல்ல செம்பு வரும் வரை வெட்டி உரித்து இணையுங்கள்.

இன்னொன்று எறும்பு. போன மாரியில் ஒரு சுவிச் போட்டாலும் எரியாது, அணைத்தாலும் சிலவேளை அணையாது. திறந்தால் முனைகளுக்கு நடுவே கடுகு விதைத்ததுபோல் கருகிய சிற்றெறும்புகள். பெட்டிக்குள் பைப் வந்து சேரும் ஓட்டையைச் சுற்றி அடைத்துவிட்டேன், பிறகு வரவில்லை.

மேலே வயரை எப்படிக் கொண்டுபோவது? எலித் தொல்லை இருக்கிறது.

பி.வி.சி. பைப்புக்குள். கைமரத்தின் பக்கவாட்டில் கிளிப் அடித்துப் போகட்டும். சீலிங்கின் மேல் நெளியவிட்ட வயரில்தான் ஒருநாள் கிடாரத்தை இழுத்து வைப்பீர்கள். பனங்கைமரம் என்றால் முதலில் ஊசித் துளை போட்டுவிட்டுத் திருகுங்கள், அந்த வைரத்தில் திருகு முறியும்.

அஸ்பெஸ்டஸ் கூரையும் சீலிங்கும் உள்ள வீடுகளில் சீட்டைத் துளைக்காதீர்கள். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போய் வருடக்கணக்கில் தங்கி நோயாகிறது. மரத்தில் கட்டினால் துளைக்க வேண்டி வராது. வேறு வழியில்லாமல் ஒரு துளை போட நேர்ந்தால் தண்ணீர் தெளித்து, கையால் மெதுவாக, மாஸ்க் போட்டுச் செய்யுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள். காலை மரத்தின் மேல் மட்டும் வையுங்கள், சீட் ஆளைத் தாங்காது.

எந்த பல்ப்?

எல்.ஈ.டி., ஆனால் கூண்டுக்குள் மூடியடைத்து வைக்காமல். மத்தியானம் ஓட்டுக்குக் கீழே கை வைக்க முடியாது, அந்தச் சூட்டில் எல்.ஈ.டி.யின் உள் பாகங்கள் சீக்கிரம் பழுதாகிவிடும். நடுவில் உயரமாக ஒன்று போதும். சாமான்களிலிருந்து ஓரடியாவது தள்ளி இருக்கட்டும்.

கூரையில் சோலார் இருக்கிறது. மெயினை அணைத்தால் போதுமா?

பற்றரி இல்லாத சோலார் என்றால் லைட் வேலைக்குப் போதும். சோலார் வயருக்குப் போதாது. பலகைகளிலிருந்து இன்வேர்ட்டருக்கு இறங்கும் வயர்கள் பரணின் ஊடாகவே வரும் வீடுகள் உண்டு. வெயில் இருக்கும்வரை அவற்றில் நூற்றுக்கணக்கான வோல்ட் நேர்க் கரண்ட் (டி.சி.) இருக்கும், மெயின் சுவிச் அதை ஒன்றும் செய்யாது. அந்த வயர்களைத் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், அவற்றோடு சேர்த்து உங்கள் பைப்பைக் கட்டாதீர்கள்.

இதை நானே செய்யலாமா?

பழைய சுவிச்சைக் கழற்றி அதே மாதிரி ஒன்றைப் போடுவது, கவனமான ஆள் செய்யக்கூடியது. புதிய வரி இழுப்பது, எர்த் இல்லாத வீட்டில் கை வைப்பது, மெயின் பெட்டியைத் திறப்பது எல்லாம் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் உள்ள வயர்மன் செய்ய வேண்டியவை. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இல்லாத வீடென்றால் பரண் லைட்டை விட்டுவிட்டு முதலில் அதைப் போடுங்கள். யாருக்காவது ஷொக் அடித்தால் ஆளைத் தொட முன் மெயினை அணைத்துவிட்டு, 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.

வேலை முடிந்தது. சரியா என்று எப்படிப் பார்ப்பது?

ட்ரிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை அமுக்குங்கள், டக்கென்று விழ வேண்டும். திரும்பப் போட்டு, பரண் லைட்டை எரியவிட்டு, வீட்டில் உள்ள ஃபேன், பம்ப் எல்லாவற்றையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், ட்ரிப் விழக் கூடாது. அரை மணி நேரம் கழித்து சுவிச்சின் முகத்தில் கை வையுங்கள், சூடு தெரியக் கூடாது. பிறகு இரவில் மூடிப் பலகையைப் போட்டு, கீழ் லைட்டையெல்லாம் அணைத்துவிட்டு நில்லுங்கள். மேலே எரிந்தால் சுவரில் சிவப்புப் புள்ளி தெரியும். சுவிச்சை அணையுங்கள், புள்ளியும் போக வேண்டும், மூடி இடுக்கில் தெரியும் வெளிச்சக் கீற்றும் போக வேண்டும். ஒன்று போய் மற்றது நின்றால் வயர்மனை இன்னும் அனுப்பாதீர்கள்.